எப்போதும் பச்சையில் இருந்த செல்வம்

என்னைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள்: மகேஸ் அக்கா எதையும் நம்பாது, கண்ணால் பார்த்ததையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் என்று. உண்மைதான். இன்றைக்கும் என் கணவர் மீன் வாங்கி வந்தால் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கழுவுவேன். ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டு பார்த்தார். நான் மாறுகிற வழியாக இல்லை. இப்போது அவரே செவுளைத் திறந்து காட்டிவிட்டுப் பையைக் கீழே வைக்கிறார்.

கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேலை சொல்லித்தர நான் வரவில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதற்குக் கம்பெனியே வகுப்பு வைக்கும், நடுவில் கறிபாப்பும் தேநீரும் கொடுப்பார்கள். திரை சிவப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அங்கே சொல்வார்கள். பச்சையாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லமாட்டார்கள். அதற்காகத்தான் செல்வத்தின் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

நம் வேன்கள் ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள கூலாய், சினாய், ஸ்கூடாய் பக்கத்து ஆட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு செகண்ட் லிங்க் பாலம் வழியாகச் சிங்கப்பூரில் இறக்கிவிடும், மாலையில் திரும்ப அழைத்து வரும். அன்றும் அலுவலகம் கெலாங் பாத்தாவில் இதே கடைவீட்டு மாடியில்தான் இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் தொலைபேசிதான் எங்களுக்குக் கண். ஓட்டுநர் ஹலோ சொல்லும் விதத்தை வைத்தே வீட்டில் சண்டையா, வழியில் ஜாமா, வண்டியில் கோளாறா என்று ஊகிப்போம். தப்பாக ஊகித்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பிறகு புது வேன்கள் வந்தன. ஸ்டீயரிங்கில் உள்ளங்கை படும் இரண்டு இடத்திலும் மெல்லிய உலோகப் பட்டை. அது நாடித்துடிப்பைப் பார்க்கும். முன் கண்ணாடிக்கு மேலே சின்னக் கேமரா. அது கண் சொருகுகிறதா, கை எங்கே போகிறது என்று பார்க்கும். இருக்கைக்குள் மூச்சை அளக்கவும் ஒன்றை வைத்திருந்தார்கள். சாலையில் குழி வந்தால்கூட ஓட்டுநருக்கு மூச்சு நின்றுவிட்டதாக அது அலறியதால், தலைநகர் கேஎல்லில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த பொறியாளர் அதை மட்டும் அணைத்துவிட்டுப் போனார். மற்றதையெல்லாம் சேர்த்து ஒரே நிறமாகத் திரையில் காட்டும். பச்சை என்றால் ஓட்டுநர் அமைதியாக இருக்கிறார். மஞ்சள் என்றால் பதற்றம். சிவப்பு என்றால் ஆபத்து. அதே நிறம் ஓட்டுநருக்கு எதிரிலும் ஒரு சின்ன விளக்காக எரியும். அன்றாடக் கணக்கு எண்ணாகக் கேஎல்லுக்கும் போகும்.

"எல்லாம் டிரைவர்ஸோட நலனுக்குத்தான்," என்றார் மேனேஜர் சிவநாதன்.

"நலனுக்குன்னா அவங்க முன்னால எரியிற விளக்கு போதுமே மிஸ்டர் சிவா. நமக்கு எதுக்குத் திரை? கேஎல்லுக்கு எதுக்கு எண்ணு?"

"மகேஸ், நீங்க ரொம்ப நெகட்டிவ் லா," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை, நான் ஓய்வு பெறும் நாள்வரையும் வரவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கேஎல் பொறியாளர் தொலைபேசியில் அலறினார். "மேடம், சிஸ்டம் படி உங்க டிரைவர்ஸ்ல பாதிப் பேருக்கு நாடியே இல்ல!" என்னோடு அறையில் வேலை பார்த்த ரோஹானி, யா அல்லா என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தின நாள் மாலை வண்டிகளுக்குப் பூஜை போட்டபோது நானும் அங்கேதான் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தேன். நம் ஆட்கள் ஸ்டீயரிங்கில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள், சரியாக உள்ளங்கை படும் இடத்தில். துடைக்கச் சொன்னால் யாராவது கேட்பார்களா? "சாமிக்கு வெச்சத தொடைக்கச் சொல்றீங்களேக்கா, நல்லா இருக்கா?" என்றார்கள். சந்தனம் காய்ந்து தானாக உதிரும்வரை திரையில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தவர்களாகவே சிங்கப்பூருக்கும் கெலாங் பாத்தாவுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

இனி செல்வம். கூலாய்க்காரன், நாற்பதைத் தாண்டியவன், வாய் ஓயாதவன். பாலத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது எவனாவது குறுக்கே காரை நுழைத்தால் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றிலும் திட்டுவான். அதைக் கேட்பதற்காகவே அவன் வேனில் முன்சீட்டுக்குப் போட்டி இருக்கும். வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. ஆனால் திட்டும்போதெல்லாம் நெஞ்சு எகிறும், எகிறினால் திரை சிவக்கும். சிவப்பு அதிகமானால் சிங்கப்பூர் ஓட்டத்தில் இருந்து எடுத்து உள்ளூர்த் தொழிற்சாலை ஓட்டத்தில் போட்டுவிடுவது என்று கம்பெனி ஒரு விதி கொண்டுவந்திருந்தது. உள்ளூர் ஓட்டத்துக்குச் சம்பளம் பாதிதான் தேறும். அவன் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

போதாக்குறைக்கு அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே இளைப்பு நோய். சட்டைப்பையில் எப்போதும் பம்ப் இருக்கும், மூச்சு முட்டினால் வாயில் வைத்து ஒரு தடவை அடித்துக்கொள்வான். கேமரா அதைப் பார்த்தது. கை வாய்க்குப் போகிறது, வாயருகே ஏதோ வெள்ளையாக இருக்கிறது, ஆகவே ஓட்டுநர் சிகரெட் பிடிக்கிறார் என்று முடிவு கட்டியது. நான் மேனேஜரிடம் போய் விளக்கினேன். அவருக்கும் புரிந்தது. ஆனால் கேஎல்லுக்குப் போன குறிப்பை இங்கிருந்து அழிக்க முடியாதாம். "இனிமே அடிக்கிறதா இருந்தா வண்டிய ஓரமா நிறுத்திட்டு அடிக்கிறேன்க்கா," என்றான் செல்வம். நெடுஞ்சாலையில் ஆட்களை வைத்துக்கொண்டு எங்கே ஓரமாக நிறுத்துவது? அதற்குப் பிறகு அவன் கையில் பம்பை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் மேனேஜர் அவனை உள்ளே கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் இப்படியே சிவந்தால் சிங்கப்பூர் ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தவனின் முகம் செத்துப்போயிருந்தது.

"ஏன்க்கா, குறுக்க ஒருத்தன் வந்தா எனக்குக் கோவம் வரக் கூடாதா? கோவம் வந்துதானே பிரேக்கையே அடிக்கிறேன்?"

எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கீழே கூட்டிப்போய் இழுத்து ஆற்றிய தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன், அதற்கு மேல் என் கையில் என்ன இருந்தது?

அடுத்த வாரத்தில் இருந்து செல்வம் பச்சை. காலையில் பச்சை, மாலையில் பச்சை, பாலத்து ஜாமில் பச்சை, இமிகிரேஷன் வரிசையில் பச்சை. மற்றவர்கள் எல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் புதுக் கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருந்தான். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அந்த மாதத்தின் சிறந்த ஓட்டுநர் என்று அவன் படத்தைக் காப்பி இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனுடைய குணம் வாரக் கடைசியில் மாறுமா?

முதலில் எனக்குத் தோன்றியது ஆள்மாறாட்டம். அவன் தம்பியும் வேன் ஓட்டுகிறவன்தான், அண்ணனைப் போலவே இருப்பான். நேராகக் கேட்டுவிட்டேன்.

"செல்வம், உண்மைய சொல்லு. ஸ்டீயரிங் பிடிக்கிறது நீதானா?"

"என்னாக்கா இப்படிக் கேக்கறீங்க? யோகா செய்றேன்க்கா. காலையில எழுந்து மூச்சுப் பயிற்சி."

அவன் வயிற்றைப் பார்த்தேன். யோகா செய்கிற வயிறு அது இல்லை. அவனுக்கும் அது தெரியும், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு வண்டியைச் சந்தேகப்பட்டேன். அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் வேனில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தேன். துணி இல்லை, பசை இல்லை, சந்தனம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேனேஜர் சொன்ன ஒன்றிரண்டு விஷயங்களை நினைத்துக்கொண்டேன். கைப்பேசி மணி அடித்தது. மாடியில் இருந்து ரோஹானி, அக்கா என்ன ஆச்சு என்று வழக்கம்போல் மலாயில் தொடங்கினாள்.

"காக், அப்பா ஜாடி? செல்வத்தோட வேன் மஞ்சள் காட்டுது. யார் மேல கோவம் உங்களுக்கு?"

ஆக, இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் தீரவில்லை, இன்னும் கூடியது. ஓட்டுநர்கள் கூடும் மாமாக் டீக்கடைக்குப் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கால்பந்து பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதில் இரண்டு பேருக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. வேறு ஓட்டுநர்கள் சிலரும் அந்த நாட்களில் பச்சையாகிக்கொண்டு வந்ததை நான் கவனித்திருந்தேன். ரோஹானியிடம் சொன்னேன். "நல்லா இருக்கறதையும் சந்தேகப்பட்டா எப்படிக் காக்?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

அக்கரையில் காடு எரிந்து புகைமூட்டம் வந்த வாரம் அது. உங்களுக்குத் தெரியாததா, எதிர்க்கட்டடம்கூடத் தெரியாமல் வெள்ளையாக இருக்கும், வாயைத் திறந்தால் சாம்பல் ருசிக்கும். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். வேன்கள் மூடவில்லை, சிங்கப்பூரில் வேலை இருக்கிறதே. காலை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் அறைக்கு வந்து எங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செகண்ட் லிங்க் நெடுஞ்சாலையில் செல்வத்தின் வேனுக்கு முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிய ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. சாலையைப் பார்க்கும் முன்கேமராவில் அதன் பின்பக்கம் தெரிந்தது. திடீரென்று வலை பிய்ந்து, குலைகள் சாலையில் விழுந்து உருள ஆரம்பித்தன. ஒரு குலை என்ன கனம் என்று கூலாய்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வேன் இடதுபுறம் வளைந்தது, வலதுபுறம் வளைந்தது, ஒரு குலை பம்பருக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. ரோஹானி கண்ணை மூடிக்கொண்டாள். என் உள்ளங்கை நனைந்துவிட்டது. சற்றுத் தள்ளிப் பின்னால் வந்த நம் இன்னொரு வேனின் ஓட்டுநர் வெறுமனே பார்த்ததற்கே சிவந்துவிட்டார்.

செல்வம் பச்சை.

மேனேஜர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா மகேஸ்? இவன்தான் டிரைவர். பிளேன் பைலட் மாதிரி, கொஞ்சம்கூட அசையல பாருங்க!"

மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டு எமன் வாயில் இருந்து வண்டியைத் திருப்பியவனுக்கு அடிக்கவில்லை என்றால், அந்த நெஞ்சுக்கு என்ன ஆகியிருக்கிறது? நான் அழைப்பைப் போட்டேன்.

"செல்வம், அக்கா பேசறேன். என்னாடா, குலை விழுந்துச்சா?"

"ஆமாக்கா."

காத்திருந்தேன். இவனிடம் லாரி என்று ஒரு வார்த்தை சொன்னால் லாரிக்காரன் பரம்பரையே வெளியே வரும். ஒன்றும் வரவில்லை.

"யாருக்கும் அடி இல்லியே?"

"இல்ல... க்கா."

"லாரிக்காரன் நிறுத்தினானா இல்லியா?"

"போய்ட்டான்." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "ஓகே... க்கா."

"வண்டியில யார் யார் இருக்காங்க, பேரச் சொல்லு பாப்போம்."

"அப்புறம்... சொல்றேன்."

அவனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. இளைப்புக்காரர் ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். ரோஹானியும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், அவள் மகனுக்கும் அது உண்டு.

"செல்வம், உனக்கு மூச்சு சரியில்ல. கெலாங் பாத்தாவுல திரும்பி நிறுத்து."

"இல்லக்கா... நல்லா இருக்கேன். பாலம்... தாண்டிட்டு... பாத்துக்கறேன்."

கெலாங் பாத்தா திருப்பத்தை விட்டால் அடுத்து டோல், சாவடி, பாலம். பாலத்தில் ஏறிவிட்டால் திரும்ப வழி கிடையாது. ஜாமில் மாட்டினால் ஆம்புலன்ஸ்கூட நகர்ந்து நகர்ந்துதான் வர வேண்டும். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "மகேஸ், திரை பச்சையா இருக்கு. ஆளுங்க வேலைக்கு லேட்டானா நமக்குத்தான் பேச்சு. எந்தக் காரணத்த வெச்சு நிறுத்துறீங்க?" என்றார். காரணம் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு குரலும் என் சந்தேகமும்தான்.

அந்த நேரத்தில் நான் யோசித்தது இதுதான். இந்த ஆட்கள் தங்கள் உடம்புக்காக வண்டியை நிறுத்தமாட்டார்கள். காய்ச்சலோடு ஓட்டுவார்கள், பல்வலியோடு ஓட்டுவார்கள். ஆனால் வண்டிக்கு ஒன்று என்றால் மறுபேச்சு பேசமாட்டார்கள். அழைப்பை மறுபடி திறந்தேன்.

"செல்வம், பின் டயர்ல புகை வருதாம்டா. பின்னால வர்ற நம்ம வேன்காரர் சொல்றாரு. உடனே திரும்பி பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்து."

"எந்த... பக்கம்?"

"இடது."

"சரிக்கா."

திரையில் அவன் வேனின் புள்ளி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க புகை?" என்று மேனேஜர் முன்னே குனிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, ஆட்களை ஏற்ற வேறு வேன் அனுப்பு என்று ரோஹானியிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். பெட்ரோல் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில்தான், ஆனால் அந்தப் புகையில் ஓடியதில் எனக்கே நெஞ்சு எரிந்தது.

செல்வம் இடது பின் டயருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை டயர் மேல் இருந்தது. பயணிகள் சுற்றி நின்றார்கள், ஒரு தொழிற்சாலைப் பெண் தன் சாப்பாட்டுப் பையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்திருந்தது.

"புகை... இல்லியே... க்கா."

"டயர விடுடா. பம்ப் எங்க?"

தலையை ஆட்டினான். "வீட்ல."

"ஏன்டா வீட்ல?"

பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்து சிகரெட் பிடிப்பதுபோல் காட்டினான். எனக்கு வந்த கோபத்தை எந்தத் திரையிலும் காட்டியிருக்க முடியாது.

காற்றுப் படட்டும் என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்தபோது பையில் இருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. பாதி தீர்ந்திருந்தது.

"இது என்னாது?"

"அத்தையோட... படபடப்பு... மாத்திர."

அவன் மாமியாருக்கு நெஞ்சுப் படபடப்புக்காக அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது. ஒன்று போட்டுக்கொண்டால் எவன் குறுக்கே வந்தாலும் நெஞ்சு எகிறாது, விளக்கு சிவக்காது என்று மாமாக் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு முன்னால் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நான் தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் தேடிக்கொண்டிருந்தேன், அவனோ தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்ததும் அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, ஆள் இளைப்புக்காரன் என்றேன். வாங்கிய பையன் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ கத்தினான். அவர்கள் போன வேகத்திலேயே விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்கு விளக்கமாகச் சொன்னார். "இது நெஞ்சுத் துடிப்பக் குறைக்கிற மாத்திரைங்க. இளைப்பு இருக்கறவங்க தொடவே கூடாது. மூச்சுக்குழாய இறுக்கிடும். அப்புறம் பம்ப் அடிச்சாலும் சரியா கேக்காது. கொஞ்ச நாளா உள்ளுக்குள்ள இறுகிட்டே வந்திருக்கும், இன்னிக்குப் புகையும் சேந்துகிச்சு. நீங்க அந்தப் பாலத்துல ஏற விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், கவிதாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கவிதா செல்வத்தின் மனைவி. தன் அம்மாவின் மாத்திரை சீக்கிரமே தீர்ந்துபோவதைப் பார்த்து, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

அவனுக்குக் குழாய் வைத்து மூச்சு விட வைப்பதா வேண்டாமா என்று அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கேஎல் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நான் செக் பண்ணிட்டேன். சிஸ்டம்ல தப்பே இல்ல. அவரோட நாடித்துடிப்ப கரெக்டாத்தான் காட்டியிருக்கு." நல்ல பையன்தான், தன் வேலை போய்விடுமோ என்ற பயம் குரலில் தெரிந்தது. "ஆமா தம்பி, கரெக்டாத்தான் காட்டிச்சு," என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

மேனேஜரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டயர் விஷயத்தைக் கேட்கவே இல்லை. காரிடார் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்குத் திரும்பியதும் காப்பி இயந்திரத்துக்கு மேலே இருந்த படத்தைத் தன் கையாலேயே கழற்றினார். சிவப்பு வந்தால் ஓட்டத்தை மாற்றும் விதியையும் போராடி எடுக்க வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, பச்சையைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறவர், அவ்வளவுதான். மறுவாரம் நான் மாமாக் கடைக்குப் போய், யாரிடமாவது அந்த மாத்திரை இருந்தால் எனக்குக் காட்ட வேண்டாம், டாக்டரிடமாவது காட்டுங்கள் என்றேன். ஆளாளுக்குத் தன் கண்ணாடிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் நம் திரையில் சிவப்பு நிறைய வந்தது, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. நான் ஓய்வு பெறும் சமயத்தில் அதே விதி நலப் புள்ளி என்ற புதுப் பெயரில் திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் நல்லவிதமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் புள்ளி யாருக்குப் போகிறது, குறைந்தால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்று கையைத் தூக்கிக் கேளுங்கள். நெகட்டிவ் என்பார்கள், பரவாயில்லை.

செல்வம் இப்போது கூலாயில் பள்ளி வேன் ஓட்டுகிறான். பழைய வண்டி, பட்டையும் இல்லை, விளக்கும் இல்லை. பம்ப் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சம்பளம் குறைவுதான், மகள் பகுதிநேரமாக வேலை செய்துகொண்டு படிக்கிறாள். அவனிடம் போய்ப் பழையதைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். அதனால் அன்று பிற்பகல் வார்டில் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

குழாய் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. மருந்துப் புகை வரும் மாஸ்க்கை முகத்தில் போட்டு, நெஞ்சில் வயர் ஒட்டி, சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கவிதா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணைத் திறந்தான். கவிதா, "என்னங்க" என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, படுக்கைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தான். மாஸ்க்கை விலக்கினான்.

"அக்கா... பச்சையாதானே... இருக்கு?"

நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரித் திரையில் அந்தக் கோடு பச்சையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அது எல்லாருக்கும் பச்சைதான், பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்த கிழவருக்கும் பச்சையாகத்தான் ஓடியது. நான் போர்வையை அவன் இடுப்புவரை இழுத்துவிட்டேன். அதையே அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"அப்ப நாளைக்கு... வண்டி எடுக்கலாம்ல... க்கா?"

கவிதா எழுந்தாள். திரையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தூரத்தில் இருந்து ஒரு தாதி கத்தினாள். கவிதா காதில் வாங்கவில்லை. மாஸ்க்கை அவன் முகத்தில் திரும்பப் போட்டு, தாடையைப் பிடித்து அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அங்க ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க. என்னைப் பாருங்க."